காலர் கோணல்

"காலர் கோணல். கண்ணை எங்க வெச்சுட்டுத் தைக்கிற? மேல ஸ்டோர் ரூம்ல போய் உட்கார்ந்து பிரிச்சுத் தை. கொஞ்ச நேரம் உன் மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது."

சூப்பர்வைசரம்மா சட்டையை வீசிய வேகத்தில் அத்தனை தையல் மெஷின்களுக்குப் பின்னாலிருந்தும் தலைகள் நிமிர்ந்தன.

தினமும் இதே கூத்துதான். காலை டீ முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், மூலை மேஜைக்குப் பின்னால் இருக்கும் உயரமான நாற்காலியிலிருந்து சூப்பர்வைசர் தொப்பென்று குதித்து இறங்குவார். ஆள் குள்ளம், கையில் எந்நேரமும் ஸ்கேல். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அரையடி' என்று பெயர்.

இறங்கியதும் நேராகக் காலர்க்காரியிடம்தான் வருவார். அங்கே பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம்? காலர் தைப்பவள் காலர்க்காரி, பக்கத்தில் பட்டன் தைப்பவள் பட்டன்காரி.

"அரையடிக்கு உன் மேல அப்படி என்னடி காண்டு?" பட்டன்காரி பல்லைக் கடித்தாள். "இன்னிக்கு முதலாளி வர்றார். நான் சொல்லத்தான் போறேன். நீ 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அதோட அந்தம்மா கதை முடிஞ்சுது."

காலர்க்காரி சட்டையை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

காண்டு எதற்கு என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் இந்தப் பாழாய்ப் போன வயிற்றால் வந்தது.

"பெருங்குடல் சோம்பேறியா இருக்கும்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இது ஒரேயடியா போயிடற வியாதி இல்ல. கூடவே குடித்தனம் பண்ணணும். தண்ணி நிறையக் குடி. கீரை, பழம் சேர்த்துக்கோ. வரும்போது அடக்காதே. கக்கூஸ்ல சின்ன ஸ்டூல் மேல காலைத் தூக்கி வெச்சு உட்காரு. முக்கியமா, அவசரப்படாதே."

மற்றதெல்லாம் அவளால் முடிந்தது. அவசரப்படாமல் இருக்கத்தான் வழியில்லை. வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். உட்கார்ந்த மறு நிமிஷம் புருஷன் கதவைத் தட்டுவான். "உள்ள என்ன, தூக்கமா?" என்பார் மாமியார். வந்தது அப்படியே திரும்பிப் போய்விடும்.

வேலை இடத்தில் அதைவிட மோசம். ஒரு நாள் வெளியே வரிசை கட்டி நின்றவர்கள் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வயிறு கல்லாக, கண் கலங்க அவள் வெளியே வந்தபோது எதிரே நின்றது அரையடி. ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து காலர் கோணலாக ஆரம்பித்துவிட்டது. வேலை நேரத்தில் உள்ளே உட்கார்ந்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவள் நினைத்தாள்.

ஆனால் தண்டனை கொடுத்தவருக்கு ஒரு விஷயம் தெரியாது போல. ஸ்டோர் ரூம் ஓரத்தில் பழைய கக்கூஸ் ஒன்று இருந்தது. தாழ்ப்பாள் உண்டு, தட்டத்தான் ஆள் இல்லை. பல்பு மாற்ற யாரோ போட்டுவிட்டு மறந்த மாதிரி ஒரு நீல ஸ்டூல்கூட உள்ளே கிடந்தது. ஒரு கால் லேசாக ஆடும். ஆனாலும் பாதம் வைக்க வாகாக இருந்தது.

தாழ்ப்பாளைப் போட்டு உட்கார்ந்தாள்.

கீழே ஓடும் மெஷின்களின் சத்தம், எங்கோ தூரத்தில் பெய்யும் மழையாக மேலே வந்து சேர்ந்தது. சின்ன ஜன்னல் வழியே வந்த வெயில் சுவரில் மெல்ல நகர்ந்தது. அவள் கண்ணை மூடினாள்.

தைத்த காலர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒன்று, முதல் நாள் வேலைக்குப் போகும் ஒருவன் கழுத்தில் ஏறிக்கொண்டது. ஒன்று கப்பலேறிப் போனது. ஒன்றின் மேல் ஒரு குழந்தை கன்னத்தை வைத்துத் தூங்கியது. எந்தக் காலரும் கோணலாக இல்லை. யாரும் அவளை வெளியே வா என்று சொல்லவில்லை. இறுகிக் கிடந்த வயிறு, முடிச்சு அவிழ்வது போல மெல்ல மெல்ல இளகியது.

படியிறங்கும்போது உடம்பு பஞ்சாக இருந்தது. மனசுதான் கனத்தது. 'ஆமா' என்று சொன்னால் நாலு பேர் முன்னால் திட்டு வாங்குவது ஓயும். கூடவே இந்த அறையும் போய்விடும். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் மானத்தை விட்டு நிற்பது? சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினாள்.

கீழே மூலை மேஜைக்குப் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார்.

"நானே அளந்து பார்த்தேன் சார், நூல் பிசகல," என்று பட்டன்காரி பொரிந்துகொண்டிருந்தாள்.

முதலாளி காலர்க்காரியைக் கூப்பிட்டார். "இவங்க வேணும்னே உன்னைப் படுத்துறாங்களாமே, நிஜமாம்மா? நிஜம்னா இன்னியோட இவங்களை வேலையை விட்டு அனுப்பிடறேன்."

சூப்பர்வைசர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

'ஆமா' என்று சொல்ல வாயெடுத்த காலர்க்காரி, அவர் முகத்தைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்தாள்.

சூப்பர்வைசரின் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே, ஒரு ஸ்டூல் வருஷக்கணக்காக நின்ற இடத்தில், நாலு நீலத் தடங்கள் இருந்தன.

காலர்க்காரி நிமிர்ந்தாள்.

"இல்ல சார்," என்றாள். "காலர் கோணல்தான். தப்பு என் மேலதான்."

பட்டன்காரி தலையில் அடித்துக்கொண்டாள். முதலாளி தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

சூப்பர்வைசர் தொப்பென்று குதித்து இறங்கி, எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். "நாளைக்கும் இப்படித் தைச்சே, நாளைக்கும் மேலதான்."

பிறகு ஸ்கேலைத் தேடுகிற சாக்கில் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். துணியை மடிச்சு அடியில வெச்சுக்கோ."