வலது விளக்கு

வலது விளக்கின் கண்ணாடியைக் கழற்றியதும் எனக்கே எரிச்சல் வந்தது. ஹோல்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு.

"இன்னைக்கு எரியணும், பிச்சைமுத்து. அவுக சாயங்கால ரயில்ல வாராக," என்றார் ஆச்சி, கார் கொட்டகை வாசலில் நின்றபடி.

எட்டு மாதமாக ரங்கூனிலிருந்து ஒரு கடுதாசி இல்லை. குண்டு விழுந்ததும் ஆச்சியின் கணவர் செட்டியார் கால்நடையாகக் கிளம்பிவிட்டார் என்பதோடு சேதி நின்றுபோனது. இன்று காலையில்தான் தந்தி வந்தது.

புதுக்கோட்டை ஸ்டேஷன் பதினாறு மைல். திரும்பும்போது இருட்டிவிடும். அவ்வளவு தூரம் நடந்து பிழைத்த மனிதரை நான் கொண்டுபோய்ப் பள்ளத்தில் இறக்குவதா? விடமாட்டேன்.

உப்புத்தாளால் தேய்த்தேன். பச்சை போய்க் கறுப்பு வந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். ஒயரின் முனை பொடியாக உதிர்ந்தது. யுத்தகாலத்தில் மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? நல்ல செம்பு தெரியும்வரை ஒயரை நறுக்கிக்கொண்டே போனேன். விரலிலும் ஒரு வெட்டு. அதைப் பார்க்க நேரமில்லை.

இந்த விளக்கால் நான் வாங்காத திட்டு இல்லை.

அண்ணன் இனி வரமாட்டார், காரை விற்றுவிடலாம் என்று சின்னச் செட்டியார் மூன்றாம் மாதமே சொல்லிவிட்டார். விலை பேச மாதம் ஓர் ஆளை அழைத்துவருவார். ஸ்விட்சைப் போட்டால் இடது விளக்கு மட்டும் எரியும். ஒற்றைக்கண் வண்டி ஆகாது என்று வந்தவர் சகுனம் பார்த்துத் திரும்பிவிடுவார்.

நீயெல்லாம் ஒரு டிரைவரா என்பார் சின்னச் செட்டியார். இத்தனை களிம்பு எங்கிருந்து வருகிறது என்பார்.

ஈரக்காற்று என்பேன். புதுக்கோட்டைச் சீமையில் ஈரக்காற்று! அதையும் நம்பினார், பாவம்.

புதிதாகத் தெரிந்த கம்பி முனையை முறுக்கித் திருகாணியை இறுக்கினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

இரண்டும் எரிந்தன. ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கும் அழுகை வந்தது.

சாமான்களை எடுத்துவைக்கும்போது கொட்டகை மாடத்தைப் பார்த்தேன். காரை வாங்க முதல் ஆள் வரப்போவதாகச் சேதி வந்த வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு கிண்ணம் இருக்கும். நிறைய உப்புப் போட்டுக் கரைத்த புளி.

யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை. எதில் ஊற்றினாய் என்று ஆச்சியும் கேட்டதில்லை.

இன்றும் வெள்ளிக்கிழமைதான். கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.