செவ்வாய்க்கிழமைப் புகை

வெள்ளிதோறும் நான் போடும் சாம்பிராணிக்கு எங்கள் வீட்டுப் புகை அலாரம் எட்டு ஊர் கேட்க அலறும். இன்று செவ்வாய். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. கதவிடுக்கில் கரும்புகை மலைப்பாம்பாக நுழைய, வெளியே அலாரம் அலறியது. நானோ தனிக்கட்டை. ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, "தீ, யாராவது வாங்க" என்று ஏழு உலகமும் அதிரக் கத்தினேன். எதிர்வீட்டு இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமையுமா சாம்பிராணி? நீங்க சொல்றது ஒண்ணும் கேக்கல சார். மொதல்ல அந்தச் சனியனை நிறுத்துங்க."

அந்த நொடியே அலாரம் அடங்கிப்போனது. நான் அதைத் தொடவில்லை; தீ தொட்டிருக்க வேண்டும். இப்போது கத்தினால் கேட்கும் என்று வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

"சொன்னாக் கேக்கிற மனுஷன்" என்று மெச்சியபடி அவள் ஜன்னலைச் சாத்தினாள்.