சுகந்தினியின் குரல்

அந்நிய வல்லரசு ஒன்றின் படை திருகோணமலையில் இறங்கியபோது சுகந்தினி அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். ஆஸ்பத்திரி அறிவிப்புகளுக்கு என்று சொல்லி ஒரு வாரம் அவள் குரலைப் பதிவு செய்தார்கள். அடுத்த மாதமே, தெருவில் ரோந்து வந்த எந்திரங்கள் எல்லாம் அந்தக் குரலில் பேசின: “நில்லுங்கோ. கையை உயர்த்துங்கோ.”

ஒன்பது வருடம் அப்படிப் பேசின. படை போய்ப் பன்னிரண்டு வருடமாகியும், சந்தையில் சுகந்தினி மீன் விலை கேட்டால் சனம் தன்னை அறியாமல் கையை உயர்த்தியது. அதனால் வெளியாட்களுக்கு முன்னால் அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். ஊமை என்றே பலர் நினைத்தார்கள்.

மகள் ஆதிரையைப் பெண் பார்க்க, மாப்பிள்ளையின் தாய் வதனி மூதூரிலிருந்து வந்தாள். ஆதிரையோடு கதைத்த வாக்கில் வதனியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை சரிந்தது.

“கவனம், சுடும்!” என்று சுகந்தினி கத்திவிட்டாள்.

கோப்பை விழுந்து உடைந்தது. வதனியின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே நின்றன.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று முணுமுணுத்து, சுகந்தினி உள்ளே போக எழுந்தாள்.

வதனி கைகளை மெல்ல இறக்கினாள்.

“என்ர மனிசனுக்குக் காது கேக்காது. நிக்கச் சொன்னது தெரியாம நடந்தவர். சுட்டுப்போட்டாங்கள்.” பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். “நீங்கள் போகாதேங்கோ. இந்தக் குரல்ல நான் வேற ஒண்டும் கேட்டதில்லை. ஏதாவது கதையுங்கோ.”

சுகந்தினி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, ஆதிரை பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வதனியின் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன. ஆனால் மேலே எழவில்லை.