எண்ணெய்க் குப்பி

“நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போய்க் கலைச்சிட்டு வந்துடணும். வெளிய மூச்சு விடக் கூடாது,” என்றார் என் கணவர், கண்ணாடி முன் தலை வாரியபடி.

“உயிருப்பா அது,” என்றாள் கல்யாணமாகாத எங்கள் மகள்.

“எனக்கு மானம்தான்டி உயிரு. கிளம்புங்க, நேரமாச்சு.”

அரைமணியில் அவர் பிரசங்க மேடையில் நின்றார். “கருவில் இருக்கும் சிசுவும் கர்த்தரின் சாயல். அதை அழிப்பது கொலை!”

சபை ‘ஆமென்’ என்றது. இந்த வாயோடு சேர்ந்துதான் இத்தனை வருடம் ஜெபித்திருக்கிறேன்.

வழக்கம்போல் எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். “பிள்ளையைச் சுமக்கிற தாய்மார் முன்னால வாங்க, ஆசீர்வதிக்கிறேன்.”

இரண்டு பெண்கள் போனார்கள்; அவர்கள் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அடுத்து என் மகள் எழுந்தாள். தடுக்க நீட்டிய கையால் அவள் கையைப் பற்றிக்கொண்டு நானும் நடந்தேன்.

அவர்முன் தலைகுனிந்து, “எனக்கும் பூசுங்கப்பா,” என்றாள்.