இரண்டாம் வரியில் ஒரு விசில்

“வீட்ல ஒருத்தராவது பயிற்சி பண்ணிட்டு வந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க!”

இசையமைப்பாளர் அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தபோது மணி பதினொன்றேகால். பதினொன்று பதினாறுகூட இல்லை. இனி வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி; யார் தலையில் வேண்டுமானாலும் கைவைத்துச் சத்தியம் செய்யலாம்.

வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு ஒரு நிமிட முகப்பு இசை. ஒலிப்பதிவுக்கூடம் ஒரு மணிவரைதான் அவர்களுக்கு. அதற்குள் முடியாவிட்டால் வாய்ப்பு வேறு யாருக்கோ போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளன் அந்த அம்மாவின் சொந்தத் தம்பி. மைக்கைத் தட்டிவிட்டுச் சொன்னான்:

“அக்கா, எதுக்கு இவங்களோட மல்லுக்கட்டுற? என் கம்ப்யூட்டர்ல எல்லா வாத்தியமும் இருக்கு. டீ கேக்காது, கோவிச்சுக்காது, லேட்டா வராது.”

“இன்னும் ஒரு தடவை சொதப்புனா அதைத்தான்டா செய்யப் போறேன். இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே எல்லாத்துக்கும்.”

கூடத்தில் இருந்த நால்வரில் அதிகம் பயந்தவர் தபலாக்காரர். பதினெட்டு வருடமாக அந்த அம்மாவின் வேலையில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவர்மேல் குற்றம் சொல்ல வழியே இல்லை. அரைமணி முன்னதாகவே வந்து, தபலாவைச் சுருதி சேர்த்து, சட்டையின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தப்பே செய்யாத ஒரே ஆள் அவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தப்பெல்லாம் மற்ற மூவரிடம்தான். மெட்டின் இரண்டாம் வரி முடிந்ததும் வயலின் ‘உய்ய்ய்’ என்று உச்சிக்குப் போய்க் கீழே விழும். அடுத்த நொடி புல்லாங்குழல் ‘தொக், தொக்’ என்று இரண்டு குத்து குத்தும். சொல்லே இல்லாத மெட்டில், பாடகி கண்ணை மூடிக்கொண்டு “இரு... வர்றேன்...” என்று உருகுவாள்.

“அந்த விசில் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று வயலின்காரரைப் பிடித்தார் அந்த அம்மா.

“நீங்க போன்ல பாடி அனுப்புனதுலயே இருக்கு மேடம்.”

“நான் பாடுனது எனக்குத் தெரியாதா? நான் என்ன ரயிலா?”

“அந்த ‘தொக் தொக்’?” என்று புல்லாங்குழல்காரர் பக்கம் திரும்பினார்.

“அதுவும் இருக்கு,” என்றார் புல்லாங்குழல்காரர், காலைப் பார்த்துக்கொண்டே.

“நீ யாரைம்மா இருக்கச் சொல்ற?”

இது பாடகிக்கு.

தபலாக்காரருக்குப் பயத்தைவிட ஒரு குறுகுறுப்புதான் அதிகமாக இருந்தது. பயிற்சி இல்லாதவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் ஆளுக்கொரு இடத்தில் சறுக்குவார்கள். மூன்று பேர் ஒரே இடத்தில், வரிசை மாறாமல், தினமும் சேர்ந்து ஒத்திகை பார்த்ததுபோல் சறுக்குவது எப்படி?

“ஏம்மா, நீங்க மூணு பேரும் முன்னாடியே கூடிப் பேசிக்கிட்டீங்களா?” என்று பாடகியிடம் கேட்டார்.

“இவங்க ரெண்டு பேரையும் இன்னிக்குத்தாண்ணே முதல்ல பாக்குறேன்.”

தபலாக்காரர் மெல்ல எழுந்தார். “அம்மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு மட்டும் தாளத்தைத் தாள்ல எழுதிக் குடுத்தீங்க. இவங்களுக்குப் போன்ல பாடி அனுப்புனீங்க. அதைக் கொஞ்சம் போடுங்களேன்.”

“நேரம் ஓடுதுண்ணே.”

“ஒரே நிமிஷம்மா.”

தம்பி போனை வாங்கிப் பெரிய ஒலிபெருக்கியில் இணைத்தான். அந்த அம்மாவின் குரல் இனிமையாகக் கிளம்பியது. முதல் வரி. இரண்டாம் வரி.

உய்ய்ய்!

குக்கர் விசில். சந்தேகமே இல்லை. அடுத்து யாரோ கதவைத் தட்டினார்கள்: தொக், தொக். அதன்பின் அந்த அம்மாவின் குரலே, சுருதி பிசகாமல்: “இரு... வர்றேன்...” பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் மூன்றாம் வரி.

எல்லாரும் அந்த அம்மாவையே பார்த்தார்கள்.

“சமையக்கட்டுலதான் குரல் நல்லா எதிரொலிக்கும்னு...” என்று இழுத்தார் அந்த அம்மா.

பாடகிக்குப் பொறுக்கவில்லை. “பதினஞ்சு நாளா ‘இரு, வர்றேன்’னு சாதகம் பண்றேன் மேடம்! எங்க மாமியார் வாசலை எட்டி எட்டிப் பாத்து, ‘யாருடி அது, தினமும் வர்றேன்னுட்டு வராமலே இருக்கிறது?’ன்னு கேக்குறாங்க!”

தம்பி சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னுக்குச் சாய்ந்து ஆளே கண்ணாடியிலிருந்து மறைந்துபோனான்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தபலாக்காரரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அண்ணே, நீங்க மட்டும் இல்லைன்னா, இவங்களை விரட்டிட்டு மெஷின் பின்னாடி போயிருப்பேன். இந்த விசில் இருக்கட்டும், கதவும் இருக்கட்டும். அப்படியே வாசிங்க!”

ஒரே மூச்சில் பதிவு முடிந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. வானொலி அதிகாரி அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தபலா யாரு?” என்று மட்டும் கேட்டாராம்.

இந்தக் கதையை இன்றுவரை வாய் சலிக்காமல் சொல்லிவருபவர் தபலாக்காரர்தான். அன்று அவர் வரவே இல்லை. மற்ற மூவரும் அவருக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார்கள்; கடைசி ஐந்து நிமிடத்தில் தம்பியின் கம்ப்யூட்டர்தான் தபலா வாசித்தது.