பெரிய மாமாவின் பிளேயர்

‘நோ டிஸ்க்’ என்று டி.வி.யில் எழுத்து விழுந்ததும் லட்சுமணசாமி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு சொந்தங்களும் அவர் சிரித்து முடிக்கும்வரை சேர்ந்து சிரித்தார்கள்.

“பாத்துக்குங்க. மிசினே ஒண்ணுமில்லைங்குது. நா பேசுனேனாமா, அதுல இருக்குதாமா!”

நந்திதா டிஸ்க்கை வெளியே எடுத்தாள்.

கருமத்தம்பட்டியில் நாற்பது தறி ஓட்டுகிறவர் லட்சுமணசாமி. அவள் கணவன் கதிர்வேலின் பெரியப்பா. இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, “எங்க ஊட்டுக்கு வர்றது படிச்ச பொண்ணு. அதை வேலைக்கு அனுப்பறது எம் பொறுப்பு” என்று முழங்கியவர். எண்ணூறு பேர் கைதட்டினார்கள்.

இப்போது நந்திதா பரீட்சை எழுதி, வேலை உத்தரவும் வந்துவிட்டது. திங்கட்கிழமை கோயமுத்தூரில் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்தருக்கு. ஆனால் “வேலையா? யாரு சொன்னா?” என்கிறார் பெரிய மாமா. கைதட்டிய எண்ணூறு பேரில் ஒருத்தருக்கும் எதுவும் ஞாபகமில்லை. அன்றைக்கு இலையில் என்னென்ன வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் வரிசையாக ஞாபகம் இருந்தது.

“இது புளூரே டிஸ்க்குங்க பெரிய மாமா. உங்களுது பழைய டிவிடி பிளேயரு. இதுல ஓடாதுன்னு மொதல்லயே சொன்னனுங்களே.”

“எது ஓடாது? பன்னண்டு வருசமா ஓடுது அம்மணி. ஒரு நா ரிப்பேருன்னு கடைக்குப் போனதில்ல.”

நிரூபிக்கத் தன் அறுபதாம் கல்யாண டிஸ்க்கைப் போட்டார். ஓடியது. மாலையும் கழுத்துமாக அவரே திரையில் வந்து அவரையே பார்த்துச் சிரித்தார்.

“இது ஓடுது. உன்னுது ஓடல. அப்பப் பழுது எதுல? குடு, பாக்கலாம்.”

வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். மேலே மார்க்கர் பேனாவில் ‘நந்திதா - கதிர்வேல் திருமணம்’ என்று எழுதியிருந்தது. கட்டைவிரலில் ஒட்டிய மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டும் வட்டமாத்தான இருக்குது?”

“தோசையுந்தாங்க வட்டமா இருக்குது. போட்டுப் பாருங்களேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, லட்சுமணசாமி திரும்பியதும் அதை இருமலாக்கினார்கள்.

“உங்க பிளேயரு செவப்பு லேசர்ல படிக்கறதுங்க. இதுல எழுதியிருக்கறது ரொம்பப் பொடிசு. நீல லேசருக்குத்தான் ஆப்படும். புது பிளேயர்ல பழைய டிஸ்க்கு ஓடும், பழசுல புதுசு ஓடாது. பழசுங்க எல்லாமே அப்படித்தானுங்களே.”

“வாயப் பாரு!” என்றாள் மாமியார் குழந்தையம்மாள். “ரெண்டெழுத்துப் படிச்சுபோட்டா இப்படித்தான்.”

“பதினாறு வருசம் படிச்சனுங்க அத்தை.”

கதிர்வேல் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இதில் கருத்து எதுவும் இல்லை. எதிலுமே இருந்ததில்லை.

நந்திதா டிஸ்க்கைத் திரும்ப வாங்கி உறையில் போட்டாள். “சரிங்க. எங்கூடப் படிச்ச நவ்யா ஊட்ல புளூரே பிளேயர் இருக்குதுங்க. போன் பண்ணுனா அரை மணி நேரத்துல கொண்டாந்துருவா. இது எச்.டி.ங்க பெரிய மாமா. நீங்க மைக்குல பேசறப்ப வாயசைவு, மீசைல ஒட்டுன சந்தனம், பக்கத்துல நின்னு தலையாட்டுனவங்க மூஞ்சி, அத்தனையும் தெளிவாத் தெரியும். இந்தத் தெருச் சனத்தையும் வரச்சொல்லிரட்டுங்களா?”

போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

தலையாட்டியவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையில் சொன்ன வார்த்தையை மாற்றினவன் என்று பெயரெடுத்துவிட்டால், இனி எந்தக் கல்யாணத்திலும் லட்சுமணசாமியின் கைக்கு மைக் வராது. தறியெல்லாம் நின்றாலும் தாங்கிக்கொள்வார். இது ஆகாது.

“அதெதுக்குங் கண்ணு அந்தப் புள்ளைய அலைய உடறே?” குரல் பாதியாக இறங்கியிருந்தது. “நா சொல்லலைன்னா சொன்னேன்? நீ எவ்வளவு உறுதியா இருக்கறேன்னு பாத்தேன். இப்பவும் இத்தன பேரு முன்னால சொல்றேன், திங்கக்கெழம நானே கார்ல கொண்டுபோயி உட்டுட்டு வாரேன்!”

உடனே கூடம் முழுக்க ஞாபகசக்தி பெருக்கெடுத்தது.

“பந்திக்கு முன்னாடியே சொன்னீங்களேங்க” என்றார் ஒருத்தர். “கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க” என்றார் இன்னொருத்தர். குழந்தையம்மாள், “எம் மருமக ஆபீசரானா எனக்குத்தான பெருமை” என்று எல்லாருக்கும் காபி வைக்க எழுந்து போனாள்.

தங்கள் வீட்டுக்குத் திரும்பி, வாசலில் பைக்கை நிறுத்திய பிறகுதான் கதிர்வேல் வாயைத் திறந்தான்.

“ஏம்புள்ள, நம்ம கல்யாண டிஸ்க்கு தொலைஞ்சுபோச்சுன்னுல்ல நெனச்சேன். நேத்துக் கிணத்துக்கடவு போறேன்னு போனயே, உங்கம்மா ஊட்ல இருந்துச்சா?”

நந்திதா ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

“கிணத்துக்கடவுக்கு யாருங்க போனா? உக்கடத்துலயே ஒரு காலி டிஸ்க்கு வாங்கீட்டுத் திரும்பிட்டேன்.”