கை நனைக்காதவர்

"உக்காருங்கண்ணே" என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தாள் பொன்னழகு.

"இருக்கட்டும் தங்கச்சி. எனக்கு நின்னே பழக்கம்" என்றார் தங்கச்சாமி.

கூடத்தில் விரித்த ஜமுக்காளம் அவருக்காகக் காத்துக் கிடந்தது. சாக்கோட்டை பிளாக்கில் கிராம சேவக்காக இருக்கும் மகனுக்குப் பெண் பேசி முடிக்க, கீழச்சிவல்பட்டியிலிருந்து பிளசர் கார் வைத்துக்கொண்டு வந்தவர். வந்ததிலிருந்து தூணில் சாய்ந்து நிற்கிறார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. தண்ணீர்ச் செம்பையும் ஒதுக்கிவிட்டார். கூட வந்த தம்பி சின்னக்கருப்பு மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மானகிரியில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால்தான் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம். சாப்பிடாமல் எழுந்துவிட்டால், வாய்விட்டு 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதே இல்லை. இவரோ கை நனைப்பது இருக்கட்டும், நாக்கைக்கூட நனைக்க மாட்டேன் என்கிறார்.

பொன்னழகு அடுப்படிக்குள் போய் நின்று யோசித்தாள். விஷயம் தெரிந்துபோய்விட்டதோ?

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்காரர் கோட்டைச்சாமிக்குப் போன மாசியில் நீர் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் ஆயிற்று. உயிர் தங்கியதே பெரிசு. ஆனால் அதற்கப்புறம் ஒண்ணுக்கு அவர் பேச்சைக் கேட்பதில்லை. தும்மினால் வரும், சிரித்தால் வரும், சும்மா இருந்தாலும் வரும். மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். மருந்துக்கடைப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் கடலை விற்ற காசை விழுங்கிக்கொண்டிருந்தன.

பொன்னழகுதான் வழி கண்டுபிடித்தாள். காரைக்குடிப் பெரிய வீடுகளில் கழித்துப் போட்ட மல் வேட்டிகளைச் சல்லிசாக வாங்கி வந்தாள். கிழித்து, சலவைச் சோடா போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கோவணம் மாதிரி கட்டிவிட்டாள்.

"ம், இப்பப் போங்க வயலுக்கு" என்றாள்.

போனார். இப்போது காரைக்குடி பஸ் ஏறுகிறார், ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறார், காப்பியும் குடிக்கிறார். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. "கைப்புள்ள இல்லாத வீட்டுக் கொடியில இம்புட்டுத் துணியா?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்கம்மாளுக்கு மட்டும் சந்தேகம். அக்கம்மாள் பிறந்த ஊர் கீழச்சிவல்பட்டி. போதாதா?

அடுப்படிக்கு வந்த கோட்டைச்சாமியிடம் கிசுகிசுத்தாள். "வர்ற வழியில கம்மாய்க்கரையில காரை நிப்பாட்டி நம்ம வயலை வேற நோட்டம் பாத்துருக்காரு. ஆளு லேசுப்பட்டவரில்ல. நீங்க நெளியாம உக்காருங்க."

"நான் நல்லாத்தேன் உக்காந்துருக்கேன். அவருதேன் உக்கார மாட்டேங்குறாரு" என்றார் கோட்டைச்சாமி பாவமாக.

அதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது. "அப்ப நாங்க கெளம்புறோம் மச்சான். தகவல் சொல்லி அனுப்புறேன்."

உள் அறையில் மகள் விசும்பியது பொன்னழகு காதில் விழுந்தது. அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தாள்; பின்னாலேயே கோட்டைச்சாமியும் வந்தார்.

"நில்லுங்கண்ணே. அந்த அக்கம்மா சொன்னதைக் கேட்டுத்தானே மூஞ்சியைத் திருப்புறீக? ஆமா, எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணுக்கு நிக்காது. நான்தேன் துணி மடிச்சுக் கட்டிவிடுறேன். இம்புட்டு நேரமா ஒங்க முன்னாடிதானே உக்காந்திருந்தாக, ஒரு வாடை வந்துச்சா? ஜமுக்காளம் நனைஞ்சுச்சா? அவுக என்ன களவா எடுத்துட்டாக? இதுக்குப் போயி எங்க வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டீகளாக்கும்!"

சின்னக்கருப்பு வாயில் போட்ட முறுக்கை மெல்ல மறந்தார்.

தங்கச்சாமி திகைத்துப்போய் அவளையே பார்த்தார்.

"எந்த அக்கம்மா தங்கச்சி? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே!"

புருஷனுக்குக் கட்டிவிட்ட துணியில் ஒன்றைத் தன் வாய்க்கும் கட்டியிருக்கலாம் என்று பொன்னழகுக்குத் தோன்றியது.

தங்கச்சாமி கோட்டைச்சாமியின் தோளைத் தொட்டார். "மச்சான், கொஞ்சம் உள்ள வாரீகளா? தனியாப் பேசணும்."

பக்கத்து அறைக் கதவு சாத்தப்பட்டது. பொன்னழகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் நாக்கே மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதே என்று அழுகை அழுகையாக வந்தது.

கதவு திறந்தது. தங்கச்சாமி நேராக வந்து ஜமுக்காளத்தின் நடுவில், சம்மணம் போட்டு ஜம்மென்று உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"தங்கச்சி, சூடா இன்னொரு டம்ளர் கொண்டாங்க. அப்புறம் எலையைப் போடுங்க, கை நனைச்சுட்டே போறோம்."

பொன்னழகு அடுப்படிக்கு ஓடினாள். பின்னாலேயே வந்த புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க பேசுனீக? சீரைக் கூட்டிக் கேட்டாரா?"

"நகை, பாத்திரம் ஒண்ணும் வேணாம்னுட்டாரு" என்றார் கோட்டைச்சாமி, சிரித்துவிடாமல் ஜாக்கிரதையாக. "இப்போதைக்கு என் துணியில ஒண்ணை எடுத்துக் கட்டிவிட்டிருக்கேன். கல்யாணத்துக்குள்ள ஒரு டசன் மடிச்சுக் குடுக்கணுமாம், தங்கச்சி கையால."